நாற்பது தாண்டிப் பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு: முழங்காலைக் காப்பாற்றும் வழிகள்

பிள்ளைகளைச் சனிக்கிழமை ஸ்கீ வகுப்பில் விட்டுவிட்டு, அடிவாரக் கட்டடத்தில் சூடான சாக்லேட்டோடு குந்தியிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கும் அப்பா அம்மாக்கள் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள எல்லா மலைகளிலும் உண்டு. இரண்டு மூன்று வின்ரர் அப்படிப் போனால், நாமும் ஒருக்கா இறங்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். தாராளமாக இறங்கலாம். நாற்பத்தைந்தில் தொடங்கி அறுபது தாண்டியும் சறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இருபது வயதுக்காரர் விழுந்து தட்டிவிட்டுக்கொண்டு எழும்புகிற அதே விழுகை, நம் வயதில் ஒரு வருசத்தைத் தின்றுவிடலாம். பெரும்பாலும் முழங்காலில்தான் அது முடியும்.

மலைச்சறுக்கில் வரும் காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முழங்காலுக்கு. முன்னொரு காலத்தில் கணுக்காலும் கீழ்க்கால் எலும்பும்தான் முறிந்தன. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் போர்ட்லண்டில் குடியேறிய யால்மர் வாம் என்ற வீரர், 1937இல் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளும் பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பிடி) ஒன்றை யோசித்தார். 1939இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்த வழியில் வந்த பைண்டிங்குகளும், 1960களில் வந்த கெட்டியான பிளாஸ்டிக் சப்பாத்துகளும் கீழ்க்காலைக் காப்பாற்றிவிட்டன. முறுக்கு மட்டும் ஒரு மூட்டு மேலே ஏறிக்கொண்டது. இன்றைக்கும் பைண்டிங் கணக்குப் போடுவது கீழ்க்கால் எலும்பின் பலத்தை வைத்துத்தான். முழங்காலுக்குள் இருக்கும் தசைநாரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே "பைண்டிங் இருக்கிறதுதானே" என்ற நம்பிக்கையோடு மலையேற வேண்டாம்.

எப்படிக் கிழிகிறது

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் வருவது முழங்காலின் உட்பக்கத் தசைநார் இழுபடுவது. டொக்டர்கள் எம்சிஎல் என்பார்கள். ஸ்கீகளின் முன்முனைகளைச் சேர்த்து, வால்களை, அதாவது பின்முனைகளை, அகட்டி, 'பீட்சாத் துண்டு' மாதிரி வைத்து வேகம் குறைக்கத்தான் முதல் நாள் சொல்லித் தருவார்கள். அளவுக்கு மிஞ்சி அகட்டும்போது ஒரு ஸ்கீயின் உள்விளிம்பு பனியில் கொழுவிக்கொண்டால் முழங்கால் உட்பக்கமாக மடியும். நோகும், வீங்கும். ஆனால் இது பெரும்பாலும் கத்தி வைக்காமல் சில வாரங்களில் ஆறிவிடும்.

ஏசிஎல் வேறு விசயம். முழங்காலின் நடுவில் குறுக்காக ஓடும் அந்தத் தசைநார் கிழிவதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. மெதுவாகத் திரும்புகிறீர்கள். பயத்தில் உடம்பு பின்னால் சாய்கிறது. மலைப்பக்கக் கை பின்னால் போகிறது. இடுப்பு முழங்காலுக்கும் கீழே இறங்குகிறது. மலைப்பக்க ஸ்கீயில் எடையே இல்லை. முழுப் பாரமும் பள்ளத்துப்பக்க ஸ்கீயின் வாலில், அதுவும் உள்விளிம்பில். விளிம்பு பனியைக் கடித்ததும் ஸ்கீ சட்டென்று உள்ளே வளைகிறது. சப்பாத்து கெட்டி, கணுக்கால் அசையாது. முறுக்கு நேரே முழங்காலுக்குப் போகிறது. 'டொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பைண்டிங் கழன்றுகூட இருக்காது. பக்கவாட்டுத் திருகலை அது உணர்வது சப்பாத்தின் முன்முனையில், இந்த விசையோ வாலில் இருந்து வருகிறது.

இதன் படப்பதிவுகளைப் பிரித்துப் பார்த்து எழுதியவர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆய்வு நடத்தியவர்கள்: எட்லிங்கர், ஜான்சன், ஷீலி. சுகர்புஷ் மலையில் 1972 முதல் காயங்களைக் கணக்கெடுத்தவர்கள். அவர்கள் கண்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: இப்படிக் கிழித்துக்கொண்டவர்களில் பலர் அந்தக் கணத்தில் விழாமல் தப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அல்லது பாதி விழுந்த நிலையில் எழும்பப் பார்த்தார்கள், அல்லது பின்னால் குந்திவிடப் பார்த்தார்கள். நடுவயதில் நாங்கள் எல்லாரும் செய்வது அதைத்தான். விழுந்தால் வெட்கம், விழுந்தால் நோகும், நாளைக்கு வேலை இருக்கிறது. கடைசிவரை மல்லுக்கட்டுவோம். அந்த மல்லுக்கட்டில்தான் தசைநார் போகிறது.

மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு வட்டும் முறுக்கில் கிழியும். வயது ஏற ஏற இன்னொன்றும் சேர்கிறது: தசைநார் தாங்கினாலும் எலும்பு தாங்காமல், கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு நொறுங்கும். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பின் அடர்த்தியை முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஏசிஎல் கிழிவும் பெண்களுக்குத்தான் கூட.

ஒக்டோபரிலேயே தொடங்குங்கள்

பனி விழுந்தபிறகு உடற்பயிற்சியை யோசிப்பது பரீட்சைக்கு முதல்நாள் புத்தகம் திறப்பது போல. ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். ஜிம் சந்தா கட்டத் தேவையில்லை.

சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத கதிரையில் இருப்பதுபோல முப்பது விநாடி இருங்கள்; வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். வீட்டுப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறுங்கள். ஒரு கண்ணாடி முன்னால் செய்தால் நல்லது, ஏனென்றால் பார்க்க வேண்டியது முழங்கால் எங்கே போகிறது என்பதை. அது காலின் இரண்டாம் விரலுக்கு நேரே நிற்க வேண்டும். உள்ளே சரிந்தால், இடுப்புப் பக்கத் தசை பலவீனம் என்று அர்த்தம். மலையிலும் அப்படித்தான் சரியும்.

பலரும் மறப்பது தொடையின் பின்தசை. முன்தொடைத் தசை இறுகும்போது கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கிறது. ஏசிஎல்லுக்கு அது பாரம். பின்தசை அதே எலும்பைப் பின்னால் பிடித்து ஏசிஎல்லுக்குத் துணை நிற்கிறது. மல்லாந்து படுத்து, முழங்கால் மடித்து, இடுப்பை உயர்த்துங்கள். அது சுலபமானதும் ஒற்றைக் காலில். பல் விளக்கும் நேரம் ஒற்றைக் காலில் நிற்பதும் நல்ல பழக்கம்.

கடையில் விற்கும் இறுக்கமான முழங்கால் உறையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சூடாக இருக்கும், மனதுக்குத் தைரியமாக இருக்கும். ஏசிஎல்லைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

வாடகைக் கடையில் பொய் சொல்லாதீர்கள்

எடை, உயரம், வயது, சறுக்கும் வகை என்று ஒரு படிவம் தருவார்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்பார்கள், பக்கத்தில் மனைவியோ மச்சானோ எட்டிப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் எடையில் பத்துக் கிலோ குறைப்பவர்களும், வகையில் ஒரு படி கூட்டுபவர்களும் உண்டு. அந்தப் படிவம் சும்மா தரவுக்காக இல்லை. எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், வகை ஆகிய ஐந்தையும் ஓர் அட்டவணையில் போட்டுத்தான், எவ்வளவு விசைக்குப் பைண்டிங் கழர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார்கள். அதை டின் எண் என்பார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் நல்லபடி போகும்போதே ஸ்கீ கழன்று தூக்கி எறியும். வகையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழராது.

வகை மூன்று. மெதுவாக, கவனமாக, சரிவு குறைந்த இடத்தில் போகிறவர் முதல் வகை. நீங்கள் முதல் வகை. மூன்றாவது நாளும் முதல் வகைதான். வயதையும் சரியாக எழுதுங்கள்: 50 ஆனதும் அந்த அட்டவணையில் ஒரு வரி மாறி, பைண்டிங் இலகுவாகக் கழரும்படி வைப்பார்கள். 51ஐ 48 என்று எழுதுகிறவர் தன் காலுக்குத் தானே இறுக்கம் கூட்டுகிறார். நண்பர் வீட்டு நிலவறையில் கிடக்கும் பழைய ஸ்கீயை இரவல் வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம். அது அவருடைய எண்ணில் இருக்கும்.

சப்பாத்து இறுக்கமாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் இலேசாகத் தொட வேண்டும்; முழங்காலை முன்னால் மடித்தால் விரல் சற்றுப் பின்வாங்கி, குதிகால் அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் குளிருக்குப் பயந்து இரண்டு சோடி காலுறை போடுவார்கள். ஒன்று போதும், மெல்லியதாக, முழங்கால்வரை வருவதாக. இரண்டு போட்டால் கால் உள்ளே நழுவும், இரத்த ஓட்டமும் தடைப்பட்டு இன்னும் குளிரும். உள்ளே போடும் நீளக் கால்சட்டையின் நுனியைச் சப்பாத்துக்குள் திணிக்காதீர்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் மணிக்கொரு தடவை கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும்.

ஸ்கீ நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் போதும். குட்டையான வால் உங்கள் நண்பன்.

இனி ஒரு சின்ன விசயம். ஸ்கீக்குள் காலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் சப்பாத்தின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிடுங்கள். கட்டிப்பட்ட பனி இடையில் மாட்டினால், கடைக்காரர் எவ்வளவு சரியாக அளந்திருந்தாலும் பைண்டிங் சரியான நேரத்தில் கழராது. ஸ்கீத் தடியின் நுனியாலோ மற்றப் பைண்டிங்கின் விளிம்பிலோ தேய்த்தால் போய்விடும்.

விழப் பழகுங்கள்

வகுப்பு எடுக்காமல் போகாதீர்கள். பிள்ளைகளிடம் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் வேண்டாம். அவர்களுக்குப் பொறுமை இருக்காது. முதல் வகுப்பில் நிற்கவும் திரும்பவும் சொல்லித் தருவார்கள். விழவும் சொல்லித் தரும்படி நீங்களாகக் கேளுங்கள்.

சமதரையில், நின்ற இடத்திலேயே தொடங்கலாம். முழங்காலை மடித்து, கைகளை முன்னால் வைத்து, மலைப்பக்கமாகத் தொடையின் வெளிப்புறம் படும்படி சரியுங்கள். நேரே பின்னால் குந்தக்கூடாது. சறுக்கும்போது எடை பின்னால் போவதை உணர்ந்தால் செய்ய வேண்டியவை மூன்று: கைகளை முன்னால் கொண்டுவாருங்கள், பாதங்களை ஒன்றுசேருங்கள், கைகள் ஸ்கீகளுக்கு மேலே வரும்படி குனியுங்கள். அப்படியும் முடியவில்லையா, விட்டுவிடுங்கள். விழுங்கள். விழும்போது காலை விறைப்பாக நீட்டாதீர்கள், மடித்தே வைத்திருங்கள். சறுக்கிக்கொண்டு போகும்போது எழும்ப முயலாதீர்கள். முழுக்க நின்றபிறகுதான் எழும்ப வேண்டும்.

இவ்வளவு எளிய ஆலோசனை வேலை செய்யுமா என்று கேட்கலாம். அதே வெர்மான்ட் குழு 1993–94 பருவத்தில் 20 மலைகளில் வேலை செய்த மீட்புப் பணியாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் இந்த விழுகைகளின் படங்களைக் காட்டி, தவிர்க்கும் முறையைப் பழக்கியது. அவர்களிடையே கடுமையான முழங்கால் தசைநார்க் காயங்கள் 62 விழுக்காடு குறைந்தன. அவர்களோ ஏற்கெனவே நன்றாகச் சறுக்குகிறவர்கள்.

எழும்புவதும் ஒரு கலை. இரண்டு ஸ்கீகளும் உங்களுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். அந்த நிலைக்கு வராமல் ஒற்றைக் காலை ஊன்றி முறுக்கி எழும்பினால், விழுகையில் தப்பிய முழங்கால் அங்கே போகும். சிரமமாக இருந்தால் ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழும்புங்கள். நாலு வயதுப் பிள்ளை பக்கத்தால் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்காதீர்கள்.

எங்கே, எப்போது, எவ்வளவு நேரம்

மில்டனில் இருக்கும் கிளென் ஈடன் மாதிரிச் சின்ன மலையில் தொடங்குங்கள். கொலிங்வூட் பக்கம் இருக்கும் புளூ மவுண்டன் பெயருக்கு மலை என்றாலும் 219 மீட்டர் இறக்கம். முதல் நாளுக்கு அது அதிகம். அங்கும் பச்சை வட்டம் போட்ட, ஆக எளிய பாதையை விட்டு விலகாதீர்கள்.

ஒன்ராறியோப் பனி ஒருநாள் இருப்பதுபோல் மறுநாள் இராது. பகலில் உருகி இரவில் உறைவதால் காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். மார்ச் மாதத்துப் பிற்பகலில் கஞ்சியாகிவிடும். கண்ணாடிப் பனியில் வேகம் கட்டுக்கடங்காது. கஞ்சிப் பனி ஸ்கீயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்காலுக்கு இரண்டாவதுதான் மோசம் என்பது என் கணிப்பு.

முதல் நாட்களில் இரண்டு, மூன்று மணிநேரம் போதும். தொடை நடுங்கத் தொடங்கினால், திரும்பும்போது பின்னால் சாயத் தொடங்கினால், அன்றைய கணக்கை முடித்துவிடுங்கள். அந்த நேரம் பார்த்து யாராவது, "இன்னும் ஒருக்கா மட்டும் போட்டு வருவம், அண்ணை" என்று கூப்பிடுவார்கள். எண்பது டொலர் ரிக்கெற் வீணாகிறதே என்று உங்களுக்கும் இருக்கும். போகாதீர்கள்.

ஸ்னோபோட் எடுத்தவர்களுக்கு

இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் ஒரு கால் மட்டும் தனியாக முறுக்குப்படுவது குறைவு. முழங்கால் ஏற்கெனவே பிரச்சினை என்றால் ஸ்னோபோட் யோசிக்கத்தக்க தெரிவுதான். பதிலுக்கு மணிக்கட்டும் வாலெலும்பும் அடி வாங்கும். மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் பழகாதீர்கள்.

முழங்காலுக்கு ஆபத்தான இடம் நாற்காலி லிஃப்ற்றில் இருந்து இறங்கும் இடம். பின்கால் கழற்றியிருக்கும், முன்கால் பூட்டியிருக்கும், ஸ்னோபோட் பைண்டிங் விழுந்தாலும் கழராது. பலகை ஒரு பக்கம் திரும்பினால் பூட்டிய முழங்கால் தனியாக மாட்டிக்கொள்ளும். இறங்கும் முன்பே பலகையை நேராக்கி, எழும்பியதும் பின்காலைப் பின் பைண்டிங்கோடு ஒட்டி வைத்து, கண்ணைத் தூரத்தில் வைத்து, நேரே போங்கள். அந்த இடத்தில் திரும்ப முயலவே வேண்டாம். முதல் சில தடவை வேகத்தைக் குறைக்கும்படி லிஃப்ற் ஊழியருக்குக் கை காட்டினால் குறைப்பார்.

கிழிந்துவிட்டால்

சத்தம் கேட்டதா, முழங்கால் இடம் பெயர்ந்து வந்ததுபோல இருந்ததா, ஊன்றினால் நம்பிக்கையில்லாமல் வழுகுகிறதா? சறுக்கி இறங்க முயலாதீர்கள். ஏசிஎல் கிழிந்தவருக்குச் சற்று நேரத்தில் நோ குறைந்து, 'பரவாயில்லை' போல இருப்பது உண்டு. அப்படி இறங்கும்போதுதான் மெனிஸ்கஸும் சேர்ந்து போகும். ஸ்கீகள் இரண்டையும் உங்களுக்கு மேற்புறம் பெருக்கல் குறிபோலக் குறுக்காக நட்டுவிட்டுக் காத்திருங்கள். எல்லா மலைகளிலும் அது உதவி கேட்கும் அடையாளம். மீட்புப் பணியாளர் சறுக்குவண்டியில் ஏற்றி இறக்குவார். அது இலவசம், வெட்கமும் இல்லை.

வீக்கம் எப்போது வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மணிநேரத்துக்குள் பலூன் மாதிரி வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது. ஏசிஎல்லோ எலும்போ சம்பந்தப்பட்டிருக்கும். மறுநாள் மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸாகவோ சாதாரண இழுபடலாகவோ இருக்கலாம். டொக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று.

ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று முடிவெடுக்க, 1990களில் ஒட்டாவா டொக்டர்கள் உருவாக்கிய ஒரு விதி உதவும். வயது 55 அல்லது அதற்கு மேல். முழங்கால் சில்லில் மட்டும் அழுத்தினால் நோவு. வெளிப்பக்கம் சற்றுக் கீழே இருக்கும் சிறு எலும்புத் தலையில் நோவு. முழங்காலை 90 பாகை மடிக்க முடியாமை. நாலு அடி எடுத்துவைக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே வேண்டும். பாதம் குளிர்ந்தோ வெளிறியோ மரத்தோ போனால் விதியெல்லாம் பார்க்காதீர்கள், உடனே 911. அம்புலன்ஸ் வந்தால், மருத்துவத் தேவை என்று ஏற்கப்பட்ட பயணத்துக்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டைக்காரர் கட்டுவது 45 டொலர்.

வலது கால் என்றால் நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது. பின்சீட்டில் காலை நீட்டி, துணி சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். வழியில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருங்கள். அடுத்த நாட்களில் கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ மூச்சு வாங்கினாலோ அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்; ஆஸ்பத்திரி. இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மாத்திரை எடுக்கிறவர்கள் மருந்தாளரிடம் கேட்காமல் ஐபுப்ரோஃபென் என்ற நோ மாத்திரையை விழுங்காதீர்கள்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்" என்று நிம்மதியாக வீட்டுக்கு வருவதுதான் நம் ஆட்கள் அதிகம் செய்வது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநார் தெரியாது. வீங்கிய முழங்காலை அன்றைக்கே சரியாகப் பரிசோதிக்கவும் முடியாது. ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வற்றியதும் குடும்ப டொக்டரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ மறுபடி காட்டுங்கள். படுக்க வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, தொடையை ஒரு கையால் பிடித்துக் கீழ்க்காலை மற்றக் கையால் முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். கைதேர்ந்தவருக்கு அதிலேயே ஏசிஎல் தெரிந்துவிடும்.

எம்ஆர்ஐக்கு ஓஹிப் கட்டும், ஆனால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாட்களில் சும்மா கிடக்காமல் பிசியோவைத் தொடங்குங்கள். முழங்காலை முழுதாக நீட்ட முடிவதும், முன்தொடைத் தசையை மறுபடி வேலை செய்ய வைப்பதும் முதல் இலக்கு. தனியார் பிசியோவுக்கு ஓஹிப் பொதுவாகக் கட்டாது. அரசு நிதியில் நடக்கும் நிலையங்கள் 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளோர், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர், ஆஸ்பத்திரியில் இரவு தங்கி வந்தோர் போன்றவர்களுக்குத்தான். நடுவயதுக்காரர் சரியாக இடையில் மாட்டுவார். வேலையிடத்துக் காப்புறுதியில் எவ்வளவு உண்டு என்று பருவம் தொடங்கும் முன்பே பார்த்துவையுங்கள். மொன்ட் ட்ரொம்பிளா பக்கம் போகிறவர்கள் கியூபெக்கில் பல டொக்டர்கள் ஓஹிப் அட்டையை நேரடியாக ஏற்பதில்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். எல்லை தாண்டி நியூயோர்க் மாநிலத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாளானாலும் பயணக் காப்புறுதி எடுங்கள்.

கத்தியா, பயிற்சியா

எம்ஆர்ஐ அறிக்கையில் 'மெனிஸ்கஸ் கிழிவு' என்று பார்த்ததும் பதறாதீர்கள். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 வயது தாண்டியவர்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது: கிழிவு இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு முழங்காலில் தொந்தரவே இல்லை. அந்தக் கிழிவு மலையில் வந்ததா, பத்து வருசத்துக்கு முன்பே இருந்ததா என்று கேளுங்கள். முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றால் மட்டும் அவசரம்.

ஏசிஎல் கிழிந்தால் கட்டாயம் அறுவை என்ற காலம் போய்விட்டது. சுவீடனில் 18 முதல் 35 வயதான 121 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மற்றதுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. ஐந்தாண்டில் பயிற்சிப் பிரிவில் பாதிப் பேர் அறுவைக்குப் போனார்கள், மீதிப் பேருக்குத் தேவைப்படவில்லை. முழங்காலின் நிலையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் நம்மைவிட இளையவர்கள்தான். ஆனாலும், அன்றாட நடையில் முழங்கால் வழுகாத நடுவயதுக்காரர் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்க இது போதுமான காரணம். படியிறங்கும்போதே வழுகினால், மெனிஸ்கஸும் தைக்கவேண்டிய விதமாகக் கிழிந்திருந்தால், அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். "வயசாச்சு, விடுங்கோ" என்று யாராவது சொன்னால் அதை மட்டும் காரணமாக ஏற்காதீர்கள்.

அறுவை என்றால் மறுபடி ஸ்கீ பூட்ட ஒன்பது மாதமாவது ஆகும். அதாவது அடுத்த வின்ரர். நாட்காட்டி மட்டும் போதாது. காயப்பட்ட காலின் பலமும் ஒற்றைக் கால் தாவலும் மற்றக் காலுக்கு ஏறக்குறையச் சமமாக வந்ததா என்று பிசியோ அளந்து சொல்ல வேண்டும். அமெரிக்க ஸ்கீ வீராங்கனை லிண்ட்சி வொன் 2024இல் வலது முழங்காலின் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டு, 40 வயதில் உலகக் கிண்ணப் போட்டியில் இரண்டாமிடம் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு படையே வேலை செய்தது. உங்களுக்குப் பச்சை வட்டப் பாதை, ஒரு மணிநேரம், பக்கத்தில் ஒரு பயிற்றுநர். பைண்டிங்கையும் அன்றைக்குப் புதிதாக அளக்கச் சொல்லுங்கள். ஒரு வருசத்தில் எடை மாறியிருக்கும்.